மூன்று திட்டம், ஒரே அலுவலகம்: பொதுச் செலவை எந்தக் கணக்கில் பிரிப்பது?

திருகோணமலையில் இயங்கும் சிறிய அரச சார்பற்ற நிறுவனங்களின் பாதீட்டுக் கூட்டத்தில் திட்டச் செலவு பற்றி அதிகம் விவாதம் எழாது. மூதூரில் எத்தனை குடும்பத்துக்குக் கோழிக்கூடு, குச்சவெளியில் எத்தனை தண்ணீர்த் தாங்கி என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். நகரத்து அலுவலகத்தின் வாடகை, கணக்காளரின் சம்பளம், கணக்காய்வுக் கட்டணம் ஆகியவற்றை எந்தத் திட்டம் சுமப்பது என்ற கேள்வி வரும்போதுதான் கூட்டம் நீளும். பல இடங்களில் அதற்கு எழுதப்பட்ட விதியே கிடையாது. மாத முடிவில் எந்தத் திட்டத்தில் காசு மிஞ்சியிருக்கிறதோ அதன் தலையில் கட்டிவிடுகிறார்கள். கணக்காய்வில் முதலில் பிடிபடுவதும் இதுதான்.

இதற்கு நடைமுறையில் ஐந்து வழிகள் உண்டு. ஒரே எடுத்துக்காட்டில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். கீழே வரும் தொகைகள் கணக்கை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை; உங்கள் தொகைகளை அவற்றின் இடத்தில் போட்டுப் பாருங்கள்.

ஓர் அமைப்பிடம் மூன்று திட்டங்கள் இருக்கின்றன. மூதூர் வாழ்வாதாரத் திட்டத்தின் நேரடிச் செலவு ஆண்டுக்கு 120 இலட்சம் ரூபா. ஊழியர் 6 பேர். குச்சவெளி குடிநீர்த் திட்டம் 180 இலட்சம். அதில் 130 இலட்சம் தாங்கி, குழாய், பம்பி வாங்குவதற்கே போகிறது. ஊழியர் 3 பேர்தான். நகரத்தில் நடக்கும் சிறுவர் கல்வித் திட்டம் 60 இலட்சம். ஊழியர் 5 பேர். ஆக நேரடிச் செலவு 360 இலட்சம், திட்ட ஊழியர் 14 பேர்.

மாதாந்தப் பொதுச் செலவு இப்படி: வாடகை 60,000. மின்சாரம், நீர், இணையம் 25,000. கணக்காளர் சம்பளம் 90,000, நிர்வாக உதவியாளர் 60,000, பணிப்பாளரின் நேரத்தில் நிர்வாகத்துக்குப் போகும் பாதி 80,000. இந்த மூன்று சம்பளத்துக்கும் நிறுவனம் கட்டவேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியம் 3 வீதமுமாக 34,500. பணிக்கொடை ஒதுக்கம் 9,600. கணக்காய்வுக் கட்டணத்தின் மாதப் பங்கு 20,000. காகிதம், வங்கிக் கட்டணம், மொழிபெயர்ப்பு முதலியவை 20,900. கூட்டினால் மாதம் 4 இலட்சம், ஆண்டுக்கு 48 இலட்சம். வாகனத்தை இதில் சேர்க்கவில்லை. அதற்கு வேறு கணக்கு வேண்டும், பிறகு வருவோம்.

பட்டியலில் இரண்டு இடங்களில் வழக்கமாகத் தவறு நடக்கிறது. ஊழியரின் 8 வீதச் சேமலாபப் பங்கு அவருடைய சம்பளத்திலிருந்து கழிவது; அதை நிறுவனச் செலவாக மீண்டும் எழுதினால் ஒரே காசு இரண்டு தடவை கணக்கில் ஏறும். நிறுவனத்தின் 15 வீதமோ பாதீட்டில் மறந்துபோய் நடுவாண்டில் தலைதூக்கும். மற்றது பணிக்கொடை. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், 5 ஆண்டு முடித்து விலகுபவருக்குச் சேவையாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதத் தொகை கொடுக்க வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். திட்ட ஊழியர் 14, நிர்வாகத்தில் 3 என்று நமது எடுத்துக்காட்டு அமைப்பில் 17 பேர். ஆகவே தப்ப முடியாது. மாதச் சம்பளத்தை 24ஆல் வகுத்தால் ஒதுக்கவேண்டிய தொகை வரும். 2,30,000ஐ 24ஆல் வகுத்துத்தான் மேலே 9,600 போட்டிருக்கிறது. திட்டம் முடிந்து கணக்கை மூடிய பிறகு நன்கொடையாளரிடம் பணிக்கொடை கேட்டால் கிடைக்காது. மாதாமாதம் ஒதுக்கித் தனி வைப்பில் போட்டு, அந்த ஒதுக்கத்தைச் செலவாக ஏற்பார்களா என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெரிய நன்கொடையாளர் தலையில் எல்லாம்

முதலாவது வழி எல்லோரும் அறிந்தது. குச்சவெளித் திட்டத்தில்தான் பெரிய தொகை இருக்கிறது, வாடகையும் கணக்காளரும் அதிலேயே போகட்டும் என்பது. கணக்கு எழுதுவது சுலபம், பிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் திட்டம் நின்றால் அலுவலகமே நின்றுவிடும். 2025 ஜனவரியில் அமெரிக்க வெளிநாட்டு உதவி ஒரே உத்தரவில் இடைநிறுத்தப்பட்டு, ஜூலை தொடக்கத்தில் யுஎஸ்எய்ட்டின் செயற்பாடுகளே முடிவுக்கு வந்தன. ஒரே நிதியில் கணக்காளரை முழுதாக வைத்திருந்த நிறுவனத்துக்கு அது என்ன நிலைமை என்று யோசித்தால் போதும்: மற்ற இரண்டு திட்டமும் ஓடிக்கொண்டிருக்கும், அவற்றின் கணக்கை எழுத ஆளிருக்காது. நியாயம் என்று பார்த்தாலும், தண்ணீருக்கென்று வந்த காசில் கல்வித் திட்டத்தின் கணக்கு எழுதப்படுகிறது. இந்த வழியை நாங்கள் எந்த அளவு நிறுவனத்துக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

நன்கொடையாளர் தரும் வீதம்

இரண்டாவது வழி, நன்கொடையாளர் அனுமதிக்கும் நிலையான வீதத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் நிர்வாகத்தை அடக்குவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மானியங்களில் மறைமுகச் செலவுக்கு, அதாவது இந்தப் பொதுச் செலவுக்கு, ஏற்கத்தக்க நேரடிச் செலவில் 7 வீதம் வரை தருவது வழக்கம். அமெரிக்க அரச மானியங்களில், பேசி முடித்த தனி வீதம் இல்லாத நிறுவனத்துக்கான அடிப்படை வீதம் 2024 ஒக்டோபர் 1 முதல் 10இலிருந்து 15 ஆனது. அதைக் கணக்கிடும்போது பெரிய உபகரணக் கொள்வனவு கழிக்கப்படும்.

இந்த வழியின் நல்ல பக்கம், நிலையான வீதத்துக்குள் வரும் செலவுக்கு வவுச்சர் காட்டச் சொல்ல மாட்டார்கள். கெட்ட பக்கம், அந்த வீதத்துக்கும் உங்கள் உண்மைச் செலவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நமது எடுத்துக்காட்டில் மூதூருக்கு 7, குச்சவெளிக்கு 7, கல்விக்கு 10 வீதம் கிடைக்கிறது என்று வைத்தால் முறையே 8.4, 12.6, 6 இலட்சம். மொத்தம் 27 இலட்சம். செலவோ 48. இருபத்தொரு இலட்சம் எங்கிருந்து வரும்? கேள்வியைக் கேட்காமலே ஆண்டைத் தொடங்கினால், கணக்காளருக்குச் சம்பளம் பிந்தும், சேமலாப நிதி கட்டப் பிந்தும், பிந்தியதற்கு மேலதிகக் கட்டணமும் வரும். அந்த மேலதிகக் கட்டணத்தை எந்த நன்கொடையாளரும் ஏற்கமாட்டார்.

நேரடிச் செலவின் விகிதம்

மூன்றாவது, மொத்தப் பொதுச் செலவை ஒவ்வொரு திட்டத்தின் நேரடிச் செலவின் அளவுக்கேற்பப் பிரிப்பது. 48ஐ 360ஆல் வகுத்தால் 13.3 வீதம். மூதூர் 16 இலட்சம், குச்சவெளி 24, கல்வி 8. எக்செலில் ஐந்து நிமிட வேலை. நிர்வாக சபைக்கும் உடனே விளங்கும்.

சிக்கல் குச்சவெளியில் இருக்கிறது. 130 இலட்சத்துக்குத் தாங்கியும் குழாயும் வாங்குவதற்கு விலைமனுக் கோரல் ஒன்று, கொள்வனவுக் கட்டளைகள் சில, காசோலைகள் சில. அலுவலகத்தின் பாதி உழைப்பை அந்தத் திட்டம் உறிஞ்சுவதில்லை. கல்வித் திட்டத்தில்தான் ஒவ்வொரு வாரமும் சிற்றுண்டிப் பற்றுச்சீட்டு, பயணக் கொடுப்பனவு, வளவாளர் கொடுப்பனவு என்று சிறு சிறு வவுச்சர்கள் குவியும். ஆகவே பெரிய கொள்வனவைக் கழித்துவிட்டுப் பிரிப்பது இதன் திருத்திய வடிவம். குச்சவெளி 50 இலட்சமாகக் குறைய, அடிப்படை 230 இலட்சமாகிறது. மூதூர் 25 இலட்சம், குச்சவெளி 10.4, கல்வி 12.5. ஒரே ஒரு திருத்தத்தில் குச்சவெளியின் பங்கு பாதிக்கும் கீழே போய்விட்டது. கட்டுமானமோ பெரும் கொள்வனவோ உள்ள திட்டம் ஒன்றாவது கையில் இருந்தால், திருத்தாத வடிவத்தைத் தொடவே வேண்டாம்.

ஆட்கணக்கும் நேரக்கணக்கும்

நான்காவது, ஊழியர் எண்ணிக்கையால் பிரிப்பது. 6, 3, 5 என்ற பங்கில் மூதூர் 20.6 இலட்சம், குச்சவெளி 10.3, கல்வி 17.1. அலுவலகம் என்பது பெரும்பாலும் ஆட்களுக்காகவே இருக்கிறது: மேசை, சம்பளப் பட்டியல், விடுமுறைப் பதிவு, சேமலாபப் படிவம் எல்லாம் ஆளைப் பொறுத்தவை. அதனால் இந்த அடிப்படை உண்மைக்கு அருகில் நிற்கிறது. ஒருவர் இரண்டு திட்டத்தில் வேலை செய்தால் ஆளை நேரமாக மாற்ற வேண்டும்; அப்போது நேரப் பதிவு தேவைப்படும்.

நேரப் பதிவு எங்கே பிழைக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். மாதத்தின் கடைசி நாளில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, பாதீட்டில் இருக்கும் வீதத்தை அப்படியே நிரப்புவார்கள். 60-40 என்றால் முப்பது நாளும் 60-40. அனுபவமுள்ள கணக்காய்வாளர் அந்தத் தாளை மட்டும் பார்ப்பதில்லை. விடுமுறைப் பதிவையும், வாகனம் எங்கே ஓடியது என்று எழுதும் ரன்னிங் சார்ட்டையும் பக்கத்தில் விரித்து வைப்பார். நேரப் பதிவில் 14ஆம் திகதி முழுநாளும் மூதூர்; ரன்னிங் சார்ட்டில் அதே நாளில் அதே ஆள் குச்சவெளிக்குப் போய் வந்ததாகக் கையொப்பம். அந்த ஒரு வரி போதும், முழு ஆண்டின் சம்பளப் பகிர்வையும் சந்தேகத்துக்குள்ளாக்க. அன்றன்று மாலை ஒரு வரி எழுதுவதும், வெள்ளிக்கிழமை மேலாளர் கையொப்பமிடுவதும்தான் இதற்கு மருந்து. நடந்ததை எழுத வேண்டும். நடந்தது பாதீட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால் பாதீட்டைத் திருத்தக் கேட்கலாம்; பதிவைத் திருத்தக் கூடாது.

செலவுக்கொரு அடிப்படை

ஐந்தாவது கலப்பு முறை. வாடகையும் மின்சாரமும் மேசைக் கணக்கில். கணக்காளரும் உதவியாளரும் நேரப் பதிவில். பணிப்பாளர் ஊழியர் எண்ணிக்கையில். கணக்காய்வும் சில்லறையும் திருத்திய நேரடிச் செலவில். நகர அலுவலகத்தில் மூதூருக்கு 2 மேசை, குச்சவெளிக்கு 2, கல்விக்கு 4 என்றும், கணக்காளர் பிரிவின் நேரம் 40, 30, 30 வீதம் என்றும் வைத்துக் கணக்கிட்டால் மூதூர் 18.6 இலட்சம், குச்சவெளி 12.5, கல்வி 16.9 வருகிறது.

பாடப் புத்தகம் இதைத்தான் சிறந்தது என்று சொல்லும். ஆனால் நான்காவது வழியின் விடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதிகபட்ச வித்தியாசம் குச்சவெளியில், 2 இலட்சத்து 20 ஆயிரம். அதற்காக ஒரே கணக்காளர் நான்கு அடிப்படைகளை மாதாமாதம் பராமரிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வைத்திருக்க வேண்டும். மூன்று நான்கு திட்டமும் ஒரு கணக்காளரும் உள்ள நிறுவனத்துக்கு அது ஆகாத வேலை. ஊழியர் எண்ணிக்கை ஒன்று, வாகனத்துக்குக் கிலோமீற்றர் ஒன்று; இந்த இரண்டு அடிப்படை போதும் என்பதே எங்கள் தீர்மானம். நகரத்தோடு மூதூரிலும் வெருகலிலும் கிளை அலுவலகம் வைத்திருப்பவர்களுக்கும், ஏழெட்டு நன்கொடையாளர் உள்ளவர்களுக்கும் கலப்பு முறை பொருந்தும்.

வாகனம்

கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு மூதூர்ப் பக்கம் தரைவழியாகவே போய்வர முடிகிறது. வடக்கே குச்சவெளி, புல்மோட்டை; தெற்கே மூதூர் தாண்டி வெருகல். மாவட்டம் கரையோரமாக நீண்டு கிடப்பதால் இங்கே வாகனச் செலவு வாடகையைவிடப் பெரியதாகிவிடும். எரிபொருளை அந்தந்தப் பயணத்துக்கே எழுதலாம். சாரதி சம்பளம், காப்புறுதி, வாகன வருமான அனுமதிப்பத்திரம், டயர், சேவிஸ் ஆகியவைதான் பிரிக்க வேண்டியவை.

இவை மாதம் 1,10,000 ரூபா என்று வையுங்கள். 2,000 கிலோமீற்றர் ஓடிய மாதத்தில் கிலோமீற்றருக்கு 55 ரூபா. கார்த்திகை, மார்கழியில் மழை பிடித்து வெளிக்களம் முடங்கி, 800 கிலோமீற்றர் மட்டும் ஓடினால் 137.50 ரூபா. அந்த மாதம் வெள்ள நிவாரணத்துக்கு ஓடிய ஒரே திட்டம் மொத்தச் சாரதிச் சம்பளத்தையும் சுமக்கும். ஆகவே மாதவாரி வீதம் இங்கே பொருந்தாது. ஆண்டுச் செலவு 13,20,000ஐ, ஆண்டில் எதிர்பார்க்கும் 20,000 கிலோமீற்றரால் வகுத்து, 66 ரூபா என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே நிர்ணயித்து, ஆண்டு முடிவில் ஒரு தடவை உண்மைச் செலவோடு சரிசெய்ய வேண்டும். ஒரே ஓட்டத்தில் இரண்டு திட்டத்துக்குப் போனால், தூரத் திட்டத்துக்கு முழுப் பயணத்தையும் எழுதாமல், பொதுவாக ஓடிய தூரத்தைச் சரிபாதியாக்கி, அதற்கு அப்பால் ஓடியதை உரிய திட்டத்துக்கு எழுதுவது நியாயம். ரன்னிங் சார்ட்டில் திட்டக் குறியீட்டுக்கென ஒரு நிரல் கட்டாயம் வேண்டும். ‘கள விஜயம்’ என்று மட்டும் எழுதிய வரி யாருக்கும் உதவாது.

பங்கு பெரிதாகத் தெரியும் திட்டத்தை என்ன செய்வது

ஊழியர் எண்ணிக்கை முறையில் கல்வித் திட்டத்துக்கு 17.1 இலட்சம் வருகிறது. நேரடிச் செலவு 60 இலட்சம்தான். அதாவது 28 வீதத்துக்கு மேல். இதைப் பார்த்த நன்கொடையாளர் மறுப்பார். ஆள் கூடிய, கொள்வனவு குறைந்த எல்லாத் திட்டத்துக்கும் இந்த நிலைமைதான். இங்கேதான் அடிப்படையைத் தெரிவு செய்வதைவிட முக்கியமான முடிவு ஒன்று இருக்கிறது: எதை வீதத்துக்குள் வைப்பது, எதை நேரடி வரியாக எழுதுவது.

கணக்காளர், உதவியாளர், வாடகை, மின்சாரம் ஆகிய 31.65 இலட்சத்தையும் ஒவ்வொரு திட்டத்தின் பாதீட்டிலும் அதன் பங்கோடு தனி வரிகளாக எழுதுங்கள்: ‘கணக்காளர், 12 மாதம், 36 வீதம்’ என்பது போல. மீதமாக இருப்பது பணிப்பாளரின் நிர்வாக நேரம், கணக்காய்வு, சில்லறை, 16.35 இலட்சம். நேரடிச் செலவு 391.65 இலட்சமாகிறது. இப்போது மறைமுகச் செலவு வெறும் 4.2 வீதம்! 7 வீதம் தருபவரிடமே அது அடங்கிவிடும். செலவில் ஒரு ரூபாகூடக் குறையவில்லை. எங்கே எழுதினோம் என்பது மட்டும் மாறியது. இருபத்தொரு இலட்சப் பற்றாக்குறை இப்படித்தான் தீரும். முன்மொழிவு எழுதும்போதே செய்ய வேண்டிய வேலை இது. ஒப்பந்தம் கையொப்பமான பிறகு புதிய வரியைச் சேர்க்க யாரும் இலகுவில் சம்மதிப்பதில்லை.

இதில் மீறக்கூடாத விதி ஒன்று உண்டு. ஒரே வகைச் செலவை ஒரு திட்டத்தில் நேரடியாகவும், இன்னொரு திட்டத்தில் வீதத்துக்குள்ளும் வைக்கக் கூடாது. மூதூர்த் திட்டத்தில் கணக்காளருக்குத் தனி வரி இருந்தால், குச்சவெளித் திட்டத்தின் 7 வீதத்துக்குள் அவருடைய சம்பளம் ஒளிந்திருக்கக் கூடாது. ஒரு நன்கொடையாளர் தனி வரியை ஏற்க மறுத்தால், அவருடைய பங்கை நிறுவனத்தின் பொது நிதி தாங்க வேண்டும். மற்ற இரண்டு திட்டத்துக்கும் அதைப் பரப்பிவிடுவது அவர்களுடைய காசை எடுப்பதற்குச் சமம்.

மானியங்களின் 3 வீதத்தை வருமானமாகக் கருதி அறவிடும் வரியும் இப்படித்தான் பொது நிதியில் வந்து விழும். பல ஒப்பந்தங்கள் வரியை ஏற்கத்தக்க செலவாகக் கொள்வதில்லை. எனவே அங்கத்துவக் கட்டணம், மண்டப வாடகை, உள்ளூர் நன்கொடை என்று எதுவாக இருந்தாலும், நிபந்தனையற்ற வருமானம் ஒன்று இல்லாமல் மேலே சொன்ன எந்த முறையும் முழுதாக நிற்காது. மூன்று மாதப் பொதுச் செலவு, நமது எடுத்துக்காட்டில் 12 இலட்சம், நிலையான வைப்பில் இருப்பது நல்லது.

நாணய மாற்றுக்கும் விதி வேண்டும். 2022இன் முதல் சில மாதங்களில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியது. யூரோவில் வந்த காசுக்கு வங்கி உண்மையில் தந்த வீதத்தையே கணக்கில் எழுத வேண்டும்; பல தவணைகள் இருந்தால் நிறைசராசரி, அதாவது ஒவ்வொரு தவணையின் தொகைக்கேற்ப எடுத்த சராசரி, எடுக்கலாம். மாற்று வீதத்தால் கிடைத்த மிகுதி அந்தத் திட்டத்துக்கே உரியது, ஒப்பந்தம் வேறு விதமாகச் சொன்னாலொழிய.

எழுதி வைப்பது

தெரிவு செய்த முறையை இரண்டு பக்கத்தில் எழுதி, நிதியாண்டு தொடங்குமுன் நிர்வாக சபையில் தீர்மானமாக நிறைவேற்றிக் கூட்டக் குறிப்பில் பதிய வேண்டும். எந்தச் செலவு, எந்த அடிப்படை, அடிப்படைத் தரவு எந்த ஆவணத்திலிருந்து வருகிறது, யார் கணக்கிடுகிறார், யார் சரிபார்க்கிறார், எந்தத் திகதியில் மீள்நிர்ணயம், இவ்வளவும் போதும்.

அன்றாடத்தில் உதவும் பொருள் ஓர் இறப்பர் முத்திரை. வாடகைப் பற்றுச்சீட்டின் மூலப் பிரதியில் அதைக் குத்தி, ‘மூ 25,714 / கு 12,857 / க 21,429’ என்று பங்குகளை நிரப்பி, மொத்தம் 60,000 ஆவதைப் பார்த்துக் கணக்காளர் கையொப்பமிட வேண்டும். போட்டோகொப்பி எடுத்து மூன்று கோப்பில் போடுவது அதற்குப் பிறகு. முத்திரை இல்லாமல் பிரதி எடுத்தால், அதே 60,000ஐ இரண்டு நன்கொடையாளரிடம் முழுதாகக் கோருவது தெரியாமலே நடந்துவிடும். தெரியாமல் நடந்தது என்று விளக்கினாலும், காசைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

நடுவாண்டில் ஒரு திட்டம் முடியும்போது விதி உண்மையில் சோதிக்கப்படும். குச்சவெளித் திட்டம் செப்டெம்பரில் முடிகிறது என்றால், ஒக்டோபரிலிருந்து 3 பேரைக் கழித்து 6, 5 என்று பிரிக்கலாமா? மீள்நிர்ணயத் திகதி என்று கொள்கையில் எழுதிய நாளில் மட்டும் மாற்றலாம். காலாண்டுக்கு ஒருமுறை என்று வைத்திருந்தால் ஒக்டோபர் 1 பொருந்தும். ஆனால் மற்ற இரண்டு ஒப்பந்தங்களின் பாதீட்டு வரியில் அந்த உயர்வுக்கு இடமில்லாவிட்டால், மிச்சம் பொது நிதிக்கே. கணக்கு மாதம் 85,000 போலத்தான், மூன்று மாதத்துக்கு 2 இலட்சத்து 57 ஆயிரம். இதை ஜனவரியிலேயே பாதீட்டில் எழுதி வைத்தால், ஒக்டோபரில் செய்ய வேண்டியது பொது நிதியிலிருந்து ஒரு மாற்றல் பதிவும் மூன்று காசோலையும்தான்.